ஆனைக்கு மட்டும் கொடுத்த குரல்

மச்சான்,

நாலு நாள் மழைக்குப் பிறகு இன்று காலை வெயில் எட்டிப் பார்த்தது. கம்பளியை எடுத்து வேலிக் கம்பியில் போட்டேன். நனைந்த ஆட்டு மயிர் வாசனைக்கு அடியிலிருந்து பச்சைப்பயறு வேகிற வாசனையும் குழந்தைப் பவுடர் வாசனையும் வந்தன. புள்ளக்காம்பரா வாசனை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த அறைக்கு, உங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த பெயர். அந்த அறையின் சன்னலை அடைக்க மூன்று நாள் இதே கம்பளியைத்தான் தொங்கவிட்டோம். அதற்கப்புறம் எத்தனை தடவை துவைத்தாயிற்று. வாசனை போகவில்லை.

கம்பளியை நான் மோந்துகொண்டு நிற்கிற நேரம் பார்த்து போன் அடித்தது. “வணக்கம். ஏழாம் நம்பர் மலை, ஓடைக்கு மேல்புறம், இரண்டு யானைகள் நிற்கின்றன. அந்தப் பாதையைத் தவிர்க்கவும்.” பெண் குரல். செய்தி வாசிக்கிறவர்களுக்கு இருக்குமே, அப்படிச் சுத்தமான குரல். குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் குரல் இல்லை, அவ்வளவுதான். இனிமேல் உன் குரல் வராது. ஏன் வராது என்று இந்த லைன் வீடுகளில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழுதினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? கூடலூர் கோர்ட்டில் என் மனுவைப் படித்துவிட்டு ஜட்ஜ் ஐயா எழுந்தே நின்றுவிட்டார். சரி, முறைக்காதே. எழுந்து நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் என் மனு இல்லை, எஸ்டேட் மனு. தபால் பையில் வைத்து நான் தூக்கிக்கொண்டு போனது. எட்டாம் வகுப்போடு நின்றவன் ஆபீஸ் பியூனாக இருபத்தெட்டு வருஷம் காகிதம் சுமந்தால் சட்டம் தோள் வழியாக உள்ளே இறங்காதா? இறங்கியது என்று நான் சொல்லுவேன். “இறங்கினது உன் முதுகு வலிதான்டா வக்கீலு” என்று நீ சொல்லுவாய். வக்கீல் என்று எனக்குப் பேர் வைத்தவனே நீதான். கிண்டலுக்குத்தான் வைத்தாய். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். பின்னால் நடந்தது எல்லாமே அதனால் வந்த வினை.

நீ ஆனை பார்க்கிறவன். எஸ்டேட் எல்லையில், நாடுகாணிப் பக்கத்துக் காடு எங்கே முடிந்து நம் தேயிலை எங்கே தொடங்குகிறதோ அங்கே, விடியும் முன்னே போய் நிற்பாய். பெரட்டு எடுக்கும் களத்தில் பெண்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, தொண்டையை ஒரு தடவை செருமிவிட்டு, எந்த மலையில் எத்தனை, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லுவாய். கங்காணி சொன்னால் எதிர்க்கேள்வி கேட்பார்கள். ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட் சொன்னால் சிரிப்பார்கள். நீ சொன்னால் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு பேசாமல் வேறு வழியில் போவார்கள்.

ஒருநாள் உனக்கு முன்னால் நான் ஓடிவந்தேன். ஆபீஸ் பாதையில் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க, பெரட்டுக் களத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

“பதினோரு ஆனைங்க! கண்ணால பாத்தேன்! முன்னாடி நிக்கிற கொம்பன் நம்ம ஃபேக்டரி புகைக்கூண்டு உசரம்!”

பெண்கள் பையைக் கீழே போட்டார்கள். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். நீ பின்னாலேயே வந்தாய். செருமினாய்.

“மூணு. ஒரு கொம்பன், ஒரு பொட்ட, ஒரு குட்டி. மத்த எட்டையும் வக்கீலு அவன் ஊட்ல கட்டிப் போட்டிருக்கான். சாயந்தரம் போய் எண்ணிக்குங்க.”

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. பதினொன்றை யார் ஞாபகம் வைக்காமல் இருப்பார்கள்? அன்று மத்தியானம் பீடி பற்றவைத்துக்கொண்டு நீ தனியாகச் சொன்னாய்: “கண்டதச் சொல்லுடா. பயந்ததச் சொல்லாத. இன்னிக்குப் பதினொண்ணுன்னு கேட்டுட்டு மூணத்தான் பாத்தாங்கன்னு வையி, நாளைக்கு மூணுன்னு சொன்னா ஒண்ணுமே இல்லன்னு நெனச்சு நடந்துபோவாங்க.”

இவன் என்ன எனக்குச் சொல்வது என்று அன்று நினைத்தேன்.

பிறகு அந்த ஆராய்ச்சிப் பிள்ளை வந்தாள். நித்யா. தடித்த கண்ணாடி, சேறு படிந்த பூட்ஸ், முதுகில் கம்ப்யூட்டர். ஆனை நிற்கிற இடத்தை உன்னைப் போன்ற ஆட்கள் போனில் தெரிவித்தால், அடுத்த நிமிஷமே அந்தப் பகுதியில் இருக்கிற எல்லா போனுக்கும் தானாக ஒரு அழைப்பு போய்ச் சொல்லும். அதற்கு மக்கள் நம்புகிற ஒரு குரல் வேண்டும் என்றாள். எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் உன் பெயரையே சொன்னார்களாம். நான் என் பெயரைச் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

புள்ளக்காம்பராதான் சுவர் கனமான அறை. பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டு, சன்னலுக்குக் கம்பளி கட்டி, மூன்று நாள் உன் குரலைப் பிடித்தாள். உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது என்பதால் அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நீ திருப்பிச் சொன்னாய். மலைகளின் பெயர், எண்கள், கிழக்கு மேற்கு எல்லாம் ஒழுங்காக ஓடியது. அடுத்தது பொதுவான வாக்கியங்கள். எல்லா விதமான ஓசையும் கிடைத்தால்தான் கம்ப்யூட்டர் உன் குரலைக் கற்றுக்கொண்டு, நீ சொல்லாத வாக்கியத்தையும் உன் குரலில் சொல்லும் என்று விளக்கினாள்.

“நான் சொல்லாததச் சொல்லுமா?” நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். “அப்ப பொய் சொல்லுமா, பாப்பா?”

“இல்லண்ணே. ஆனை எங்க நிக்குதுன்னு நீங்க சொல்றதத்தான் சொல்லும்.”

அரை மனசோடு தலையாட்டினாய். அடுத்த வாக்கியம்: ‘நேற்று நான் சந்தையில் மூன்று கிலோ கத்தரிக்காய் வாங்கினேன்.’ நீ வாயைத் திறக்கவில்லை.

“சொல்லுங்கண்ணே.”

“வாங்கலையே.”

“சும்மா ஒரு வாக்கியம்தான்.”

“மூணு கிலோவா? எங்க ஊட்ல ரெண்டு பேரு. தெய்வான கேட்டா என்னா நெனப்பா?”

நான் சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பிள்ளை கடைசியில் தோற்றுப்போய், ‘நேற்று நான் அரைக் கிலோ பீன்ஸ் வாங்கினேன்’ என்று மாற்றினாள். நீ வாங்கியிருந்தாய். அதனால் சொன்னாய். சின்னச் சின்னப் பொய்களை எல்லாம் இப்படி அவள் உனக்காகத் திருத்தி எழுத வேண்டியிருந்ததால்தான் ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் மழை. தகரக் கூரை மேல் சத்தம் கூடியதும் வேலையை நிறுத்திவிட்டு அவள் படிவத்தை எடுத்தாள். நல்ல வேளையாகத் தமிழிலேயே இருந்தது. அதில் ஓர் இடத்தைக் காட்டி, “இங்க ரெண்டு கட்டம் இருக்கு. ஐயாவப் பொறுமையா படிக்கச் சொல்லிக் கேட்டு, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுல மட்டும் டிக் போடுங்க. அவசரமில்ல” என்றாள். அவளுக்கு ஒரு போன் பேச வேண்டியிருந்தது. சிக்னலுக்காகக் குடையோடு வளைவுப் பக்கம் இறங்கினாள். நீ காகிதத்தை என் பக்கம் தள்ளினாய்.

“வக்கீலு, என்னா போட்டிருக்கு?”

வாசித்தேன். முதல் கட்டம்: வணிகம் சாராத ஆராய்ச்சிப் பயன்பாடு. இரண்டாம் கட்டம்: வணிகப் பயன்பாடு. மேலே, பொருந்துவதை மட்டும் குறியிடவும் என்று இருந்தது. அந்த வரியையும் படித்தேன், மச்சான். புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். வணிகம் என்றால் வியாபாரம் என்று உனக்கு நான்தானே சொன்னேன்.

அதைக் கேட்டு நீ என்ன சொன்னாய் என்பதை நான் மறக்கவில்லை. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் பேனா நழுவுகிறது. அவள் திரும்பி வந்தபோது காகிதத்தில் உன் கையெழுத்தும், சாட்சி என்ற இடத்தில், வால் சுழித்த என் கையெழுத்தும் இருந்தன. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, காகிதத்தை நனையாமல் பைக்குள் வைத்தாள்.

அதன்பின் இரண்டு வருஷம் நீ களத்தில் கத்த வேண்டியிருக்கவில்லை. உன் குரல் எல்லார் இடுப்பிலும் இருந்தது. முதலில் அந்தச் செருமல், பிறகு: “ஏழாம் நம்பர் மலையில மூணு ஆனை. அந்தப் பாதையில யாரும் வராதீங்க.” அதைக் கேட்டதும் பெண்கள் போனைப் பார்த்து “சரிண்ணே” என்பார்கள். போனுக்குப் பதில் சொல்கிற பெண்கள் உலகத்திலேயே நம் எஸ்டேட்டில்தான் இருந்திருப்பார்கள்.

நீ போன அன்று நான் ஊரில் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஜீப் வளைவு தாண்டுவதற்குள் முடிந்துவிட்டதாம். அதில் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உன் கருமாதியை மட்டும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் பகல், பந்தலில் ஐம்பது பேர். ஐயர் உன் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைக்கச் சொன்ன அந்த நிமிஷத்தில், பந்தலில் இருந்த எல்லா போனும் ஒன்றாக அடித்தன. ஐயர் மடியிலிருந்த போனும் சேர்த்து. முதலில் எடுத்தவன் கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். பந்தல் முழுக்க நீ செருமினாய்.

“லைன் பின்னாடி ஓடையில ரெண்டு ஆனை. யாரும் வெளியே வராதீங்க.”

ஐயர் கையிலிருந்த தர்ப்பை கீழே விழுந்துவிட்டது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. ஐம்பது சாட்சி இருக்கிறது. தெய்வானைதான் முதலில் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்று சொன்னாள்:

“கேட்டுச்சா? யாரும் போகக் கூடாதாம். எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

அதற்கப்புறம் உன் குரல் அவளுக்குத் துணையாகிப்போனது. ஆனை வராத வாரங்களில் அவள் முகம் வாடியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனை வரவில்லையே என்று வருந்துகிற ஒரு மனுஷி இந்த மலையில் இருந்தாள்.

ஒரு பதினொரு மாசம் கழிந்திருக்கும். ஆபீஸ் வராந்தாவில் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால் நீ.

“வணக்கமுங்க. நான் உங்க மலையிலிருந்து பேசுறேன். ஆனை நடக்கிற காட்டோரம், மேகம் வந்து தட்டுற சன்னலோட உங்களுக்கு ஒரு காட்டேஜ் இருந்தா எப்படி இருக்கும்? வாங்க. ஒரு தடவ வந்து பாருங்க.”

செருமல்கூட இருந்தது. தபால் எல்லாம் கீழே சிதறிவிட்டது. “மச்சான், எங்கடா இருக்க?” என்று கேட்டேன். கேட்டேன்தான். நீ பதில் சொன்னாய்: “மேலும் விவரம் வேணும்னா ஒண்ண அழுத்துங்க.” நான் அழுத்தினேன். நீ சொன்னதால் அழுத்தினேன். கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒரு பெண் வந்து, “சார், எத்தனை பெட்ரூம் பாக்கறீங்க?” என்றாள்.

டீக்கடையில் போய்ச் சொன்னேன். யார் நம்புவார்கள்? “ஆவி எந்தக் கம்பெனி சிம்மு போட்டிருக்குதாமுங்க, வக்கீலு?” என்றான் கடைக்காரன். “இன்கமிங் ஃப்ரீயா?” என்றான் இன்னொருத்தன். வாழ்நாளில் முதல் தடவையாக நடந்ததை நடந்தபடி சொன்ன அன்றைக்குத்தான் அவர்கள் அதிகமாகச் சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கும் நீ போன் பண்ண ஆரம்பித்தாய். சிரிப்பு நின்றது. தெய்வானைக்கும் வந்தது. மற்றவர்களைப் போல அவள் பாதியில் வெட்டவில்லை, முழுசாகக் கேட்டாள்.

“ஊடு வாங்கச் சொல்றாரு அண்ணே,” என்றாள் என்னிடம். “உசுரோட இருக்கிறப்ப பின்வாசல் கதவ மாத்தித் தரல. இப்ப பால்கனி வச்ச ஊடு பாக்கறாராம்.” சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். இரண்டு பேராலும் முடியவில்லை.

ஐம்பது வருஷம் ‘வராதீங்க’ என்று சொன்ன வாய், மச்சான். அதே காட்டோரத்துக்கு ‘வாங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ராஜம்மா விஷயம் நடந்தது. பனி மூடிய காலை. ஏழாம் நம்பருக்குக் கொழுந்தெடுக்க நடந்துகொண்டிருந்தவளுக்கு போன் வந்தது. செருமல் கேட்டதுமே வெட்டிவிட்டாள். அது காட்டேஜ் இல்லை, நிஜமான அழைப்பு. இருபது அடி நடந்திருப்பாள், பனிக்குள் ஒரு பொட்டை ஆனை காதை விரித்துக்கொண்டு நின்றது. ஓடினவள் தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். உயிர் தப்பியது அவள் புண்ணியம். கட்டுப் போட்ட கையோடு வந்து, “காட்டேஜ்காரன்னு நெனச்சுட்டேன் அண்ணே,” என்றாள். “அந்தக் குரல் வந்தா இப்பெல்லாம் யாருமே கேக்கறதில்ல.”

நீ அன்று பீடி குடித்தபடி சொன்னது அப்படியே நடந்திருந்தது. உன் சொல்லை யாரும் நம்பாமல் போனால் அடுத்த தடவை ஒடிவது மணிக்கட்டாக இருக்காது.

பஸ் பிடித்துக் கூடலூர் போனேன். மாடியில் இரண்டு அறை அவர்கள் ஆபீஸ். ஒரு மிரட்டு மிரட்டலாம் என்றுதான் ஏறினேன். பிரிவு இது, உட்பிரிவு அது என்று நாலு நம்பர் மனப்பாடமாக வைத்திருந்தேன். நித்யா என்னைக் கண்டதும் எழுந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்து கண் வீங்கியிருந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தப் படிவத்தைக் காட்டினாள். இரண்டு கட்டம். இரண்டு டிக்.

“எங்க தலைமை ஆபீஸ்ல ஒரு கம்பெனி கேட்டிருக்காங்க, ஐயா. வணிகத்துக்கும் சம்மதம்னு இருந்ததால குடுத்துட்டாங்க. ஆராய்ச்சிக்குக் குடுத்ததுதானேன்னு நான் சண்ட போட்டேன். காகிதம் சரியா இருக்கு, சட்டப்படி தப்பில்லன்னு சொல்றாங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “அண்ணன் அப்படிச் சொல்லியிருப்பாரா? கத்தரிக்காய்க்கே சம்மதிக்காதவரு.”

எனக்கு அந்த நாலு பிரிவும் மறந்துவிட்டன.

வாரிசு எழுதிக் கொடுத்தால் குரலைத் திரும்பப் பெறலாம் என்றாள். ஆனால் இரண்டுக்கும் ஒப்பந்தம் ஒன்றேதான், குரலும் ஒன்றேதான். எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும். ஆனை அழைப்பிலும் உன் குரல் இருக்காது. அதோடு கம்பெனிக்காரன் சும்மா விடமாட்டான். உனக்குச் சம்மதம் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்பான்.

தெய்வானையிடம் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? “அந்தக் கட்டத்துல தவறுதலா ஒரு டிக் விழுந்துடுச்சு, தங்கச்சி.” மழை விழுகிற மாதிரி, இலை விழுகிற மாதிரி. “ஈரக் காகிதம். மை பரவிடுச்சு போல.” யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை. கேட்டது வேறு.

“எடுத்தா ஆனைக்கும் வராதா?”

“வராது.”

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அவள் அதை இறக்கவில்லை. அப்புறம் சொன்னாள்: “ராஜம்மா கையி ஒடஞ்சுபோச்சே அண்ணே. எடுத்துருவோம்.”

உன் குரலைக் கேட்பதற்கென்று ஆனையை எதிர்பார்த்துக் கிடந்தவள் சொன்னது அது.

மனுவில் ரேகை வைக்க அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனேன். நித்யா எங்களை உட்காரவைத்துவிட்டு, “ஆதாரம் கிடைச்சிருக்கு, அக்கா,” என்றாள். மூன்று நாள் பதிவையும் அவள் முதலிலிருந்து கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் போன் பேச இறங்கிப் போனவள் இயந்திரத்தை நிறுத்த மறந்திருக்கிறாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழுத்தினாள்.

முதலில் மழை. தகரத்தில் அடிக்கிற மழை. பிறகு நீ.

“வியாபாரத்துக்கு வேணாம்டா. ஆனை நிக்குதுன்னு சொல்றத யாராச்சும் விப்பாங்களா? ஆனைக்கு மட்டும்னு போடு.”

பிறகு நான். என் குரல் அவ்வளவு மெலிசு என்று எனக்கு அதுவரை தெரியாது. “உனக்கென்ன தெரியும்? கோர்ட்டுக் காகிதத்துல காலிக் கட்டம் விடவே கூடாது. காலியா விட்டா எவனாச்சும் பின்னாடி நெரப்பிடுவான். ஜட்ஜே எங்கிட்ட சொல்லியிருக்காரு. எல்லாக் கட்டத்துலயும் கை வச்சாத்தான் அது உன் காகிதம்.” பேனா காகிதத்தில் இழுபடுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று.

நீ கேட்டாய்: “ஆனைக்கு மட்டும்னு போட்டியா?”

“போட்டேன், போட்டேன்.”

கொஞ்ச நேரம் மழை மட்டும். எங்கோ ஒரு குழந்தை அழுகிறது. அப்புறம் நீ, சாவகாசமாக, கையெழுத்துப் போடக் குனிந்தபடியே சொல்லியிருக்கிறாய்:

“சரி. நீ சொன்னா சரிதான்டா.”

தெய்வானை என் பக்கம் திரும்பவில்லை. “இன்னொரு தடவ போடு பாப்பா,” என்றாள். நித்யா போட்டாள். “இன்னொரு தடவ.” என்னைக் குத்திக்காட்டக் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். மூன்றாம் தடவைதான் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். ‘சரிதான்டா’ என்று உன்னோடு சேர்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போனபிறகு அவள் கேட்டதெல்லாம் இயந்திரம் கோத்துச் சொன்னது. இது ஒன்றுதான் நீ வாய்விட்டுப் பேசினது.

சாட்சி வாக்குமூலம் என்று ஒரு வெள்ளைக் காகிதம் நீட்டினார்கள். முதலில் ஒரு பக்கம் எழுதினேன். மழை, அவசரம், என் கண்ணாடி, எல்லாம் வந்தது. கிழித்தேன். அடுத்ததையும் கிழித்தேன். கடைசியில் கொடுத்தது இரண்டு வரி: ‘அவர் வேண்டாம் என்றார். நான் போட்டேன்.’ கீழே வால் சுழிக்காமல் கையெழுத்து.

அதற்குமேல் கம்பெனி வாதாடவில்லை. காட்டேஜ் அழைப்பு நின்றது. ஆனை அழைப்பில் உன் குரலும் நின்றது. உன் மூன்று நாளையும் அழித்துவிட்டார்கள். மலைகளின் பெயர், எண்கள், அரைக் கிலோ பீன்ஸ், எல்லாம். அந்த மழைத் துண்டு மட்டும் சட்டத்துக்காக ஒரு கோப்பில் பூட்டி இருக்கும் என்றாள் நித்யா. வேறு எதற்கும் யாரும் அதைத் தொட முடியாதாம். குடும்பத்துக்கு வேண்டுமானால் ஒரு நகல் தரலாமாம். என்னைத் தவிர எல்லாரும் தெய்வானையைப் பார்த்தார்கள்.

“எனக்கு மூணு தடவ போதும்,” என்றாள் அவள். “அண்ணனுக்குக் குடுங்க.”

என் போனில் இருக்கிறது, மச்சான். கண்ணால் காணாமல் ஓர் ஆனையைக்கூட ஆனை என்று நீ சொன்னதில்லை. அந்தக் காகிதத்தை நீ பார்க்கவில்லை. நான் சொன்னேன் என்பதற்காகச் சரி என்றாய்.

தெய்வானை என்னோடு பேசாமல் இல்லை. தண்ணிக் குழாயடியில் பார்த்தால் நின்று, “கேட்டீங்களா அண்ணே?” என்பாள். “கேட்டேன் தங்கச்சி” என்பேன். எத்தனை தடவை என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்: ஒரு தடவை. அவளோடு உட்கார்ந்து கேட்டதைத் தவிர, ஒரே ஒரு தடவை. இன்னொரு தடவை அழுத்த எனக்குத் தைரியம் இல்லை.